சாவி வீட்டில், கார் துறைமுகத்தில்

கனடாவின் டொரன்டோ நகரில், எட்டோபிகோ பகுதிவாசிகளுக்காக நடந்த கூட்டம் ஒன்றில் ஒரு போலீஸ்காரர் ஆலோசனை சொன்னார்: கார் சாவியை வாசற்கதவுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். வீடு புகும் கும்பல் வருவது காருக்காகத்தான். சாவி கைக்கெட்டும் இடத்தில் கிடந்தால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், வீட்டில் இருப்பவர்கள் அடிபடாமல் தப்பலாம் என்பது அவர் கணக்கு. 2024 மார்ச்சில் அந்தப் பேச்சு செய்தியானதும் ஊர் சிரித்தது. நல்லெண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் திருட்டைத் தடுக்க வேறு வழிகளும் உண்டு என்று காவல்துறையே விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்தப் போலீஸ்காரரைக் கேலி செய்வது எளிது. ஆனால் கார் வைத்திருப்பவர்களுக்கு இத்தனை ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் புத்திமதிகளில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான். சாவியைத் தகர டப்பாவில் போடு, ஸ்டீயரிங்குக்குத் தனிப் பூட்டு வாங்கு, கேமரா மாட்டு, வாசலில் இரும்புத் தூண் நடு. எல்லாமே வாங்கியவர் செலவில், வாங்கியவர் தலையில். விற்றவர் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி மட்டும் கடைசியில்தான் வருகிறது; பல நேரம் வருவதே இல்லை.

கனடாவில் நிலைமை எவ்வளவு முற்றியது என்பதற்கு ஒரே உதாரணம் போதும். நீதித்துறை அமைச்சருக்கு அரசு ஒதுக்கிய டொயோட்டா ஹைலேண்டர், சில ஆண்டு இடைவெளிக்குள் மூன்று முறை திருடுபோனது. மூன்று முறையும் கிடைத்துவிட்டது என்பது வேறு கதை. திருட்டுக்குத் தண்டனைச் சட்டம் எழுதும் துறையின் வண்டிக்கே அந்தக் கதி. ஈழத்தமிழர்கள் நிறைந்த ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் வீட்டு வாசல்களில் நிற்கும் ஹோண்டா சிஆர்-வி, லெக்சஸ் ஆர்எக்ஸ், ஹைலேண்டர் ஆகியவைதான் அந்நாட்டுக் கார் திருடர்களின் விருப்பப் பட்டியலிலும் முன்வரிசையில் இருந்தவை. 2024 பிப்ரவரி 8 அன்று ஒட்டாவாவில் பிரதமர், அமைச்சர்கள், போலீஸ் தலைவர்கள், கார் நிறுவனங்கள் எல்லோரும் ஒன்றுகூடி, கார் திருட்டுக்கென்றே தேசிய மாநாடு நடத்தினார்கள்.

இந்தத் திருட்டில் பூட்டு உடைவதில்லை. கீலெஸ் கார் எப்படித் திறக்கிறது என்று பார்த்தால் அதன் காரணம் விளங்கும். சாவி சட்டைப் பையிலேயே இருக்கும். கதவுப் பிடியைத் தொட்டதும் கார், ஓரிரு மீட்டருக்கு மேல் எட்டாத தாழ் அதிர்வெண் அலையில், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில், ஒரு கேள்வியை அனுப்புகிறது. அதைக் கேட்டு விழித்துக்கொள்ளும் சாவி, பல மீட்டர் தூரம் போகக்கூடிய உயர் அதிர்வெண் அலையில் ரகசியக் குறியீட்டோடு பதில் தருகிறது. பதில் சரியென்றால் கதவு திறக்கும், பொத்தானை அழுத்தினால் இன்ஜின் உறுமும். இதில் கார் நம்பிக்கொண்டிருக்கும் விஷயம் ஒன்றுதான்: என் கேள்வி சாவிக்குக் கேட்டிருக்கிறது, ஆகவே சாவி பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

அந்த நம்பிக்கையில்தான் திருடன் கை வைக்கிறான். ஒருவன் கார் அருகே நிற்பான். இன்னொருவன் வீட்டுச் சுவரோரம் கைப்பை அளவுள்ள ஆன்டெனாவை ஏந்தி நடப்பான். காரின் கேள்வியை முதலாமவன் கருவி வாங்கி இரண்டாமவனுக்கு அனுப்பும். அவன் கருவி அதைச் சுவர் வழியே உள்ளே ஒலிபரப்பும். வரவேற்பறை மேஜையில் கிடக்கும் சாவி, கார் பக்கத்தில் இருப்பதாக நினைத்துப் பதில் சொல்லும். உறையைப் பிரிக்காமலேயே கடிதத்தைக் கொண்டுசேர்க்கும் தபால்காரரைப் போல, திருடனுக்கு அந்த ரகசியக் குறியீட்டைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை. எவ்வளவு வலுவான குறியீடாக இருந்தாலும் பயனில்லாமல் போவது இதனால்தான். 2017 நவம்பரில் இங்கிலாந்தின் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் போலீஸ், சொலிஹல்லில் ஒரு மெர்சிடிஸ் இப்படித் திருடப்பட்ட கேமராப் பதிவை வெளியிட்டது. வேலை முடிய ஏறத்தாழ ஒரு நிமிடம்.

இது எதிர்பாராத ஓட்டை என்று எந்த நிறுவனமும் சொல்லிக்கொள்ள முடியாது. 2011-லேயே சூரிச்சின் இ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எட்டு நிறுவனங்களின் பத்து மாடல்களை எடுத்து, இதே முறையில் சோதித்து, ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டுவிட்டார்கள். பத்துமே திறந்தன, பத்துமே ஸ்டார்ட் ஆயின. ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான அடாக், 2016 முதல் நூற்றுக்கணக்கான மாடல்களைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டுவருகிறது. அவற்றில் தாக்குப்பிடித்தவை மிகச் சொற்பம். ஆய்வு வந்தபின் இந்த ஓட்டையோடு விற்ற ஒவ்வொரு காரும், தெரிந்தே விற்றது.

தீர்வும் கைவசம் இருந்தது. அலை போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தை அளந்தால் சாவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒளியும் ரேடியோ அலையும் ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர்தான் கடக்கும். எந்தத் திருடனாலும் அதைவிட வேகமாகச் செய்தி அனுப்ப முடியாது. அல்ட்ரா வைட்பேண்ட் என்ற இந்த நுட்பத்தை ஜாகுவார் லேண்ட் ரோவர் 2018 வாக்கில் தன் புதிய மாடல்களில் வைத்தபோது, அடாக் சோதனையில் அவை தேறின. அதைவிட மலிவான வழியும் உண்டு. சாவிக்குள் அசைவை உணரும் சின்னச் சில்லு ஒன்றை வைத்தால் போதும். மேஜையில் சும்மா கிடக்கும்போது சாவி உறங்கிவிடும், எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாது. ஃபோர்டு 2019-இல் தன் சிறிய கார்களான ஃபியஸ்டாவுக்கும் ஃபோகஸுக்கும் பிரிட்டனில் இப்படிச் சாவி கொடுத்தது. சின்னக் கார்களுக்கே கட்டுப்படியானது, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள கார்களுக்கு ஏன் கட்டுப்படியாகவில்லை?

சரி, அலை புகாதபடி சாவியைத் தகர டப்பாவில் போட்டாயிற்று. அதோடு முடிந்ததா? லண்டனில் வாழும் இயன் டேபர், கார்களின் கணினிப் பாதுகாப்பை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவர். 2022 ஏப்ரலில் ஒருநாள் அவருடைய டொயோட்டா ராவ்-4 காரின் முன் பம்பர் இழுக்கப்பட்டு, ஹெட்லைட் வயர் கழன்று கிடந்தது. ஊர்ப் பிள்ளைகளின் விஷமம் என்று நினைத்தார். பிறகு மறுபடியும் அதே வேலை. ஜூலையில் காரே காணாமல் போயிற்று. சில நாட்களில் அண்டை வீட்டாரின் லேண்ட் க்ரூஸரும் போனது.

வேறொருவராக இருந்தால் இன்சூரன்ஸ் படிவத்தோடு நின்றிருப்பார். டேபர், டொயோட்டாவின் செயலிக்கு அந்தக் கார் அனுப்பியிருந்த கோளாறுப் பதிவுகளைத் தோண்டினார். திருட்டு நடந்த நேரத்தில் ஹெட்லைட்டைக் கட்டுப்படுத்தும் பகுதியோடு தொடர்பு அறுந்ததாகக் கார் வரிசையாகப் புலம்பியிருந்தது. பொறியாளர் கென் டிண்டெலோடு சேர்ந்து அவர் கண்டறிந்த திருட்டுக் கருவி, சாதாரண ப்ளூடூத் ஸ்பீக்கர் கூட்டுக்குள் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே இருந்த பாகங்களின் மதிப்பு பத்து டாலர் தேறும். கள்ளச் சந்தையில் விலை ஆயிரக்கணக்கான யூரோ. நவீனக் காரில் இன்ஜின், கதவு, விளக்கு எல்லாம் ‘கேன்’ எனப்படும் பொதுவான வயர் இணைப்பில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஹெட்லைட் வயர் வழியாக அந்தப் பேச்சுக்குள் நுழையும் கருவி, ‘முறையான சாவி வந்துவிட்டது’ என்று பொய்ச் செய்தி அனுப்புகிறது. பேசுவது யார் என்று கார் கேட்பதில்லை. உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் நம்மவர்கள் என்ற வடிவமைப்பு அது. ஸ்பீக்கரின் ‘ப்ளே’ பொத்தானை அழுத்தினால் கதவு திறந்துவிடும். இந்த முறையில் சாவிக்கு வேலையே கிடையாது. அது தகர டப்பாவில் இருந்தால் என்ன, வங்கி லாக்கரில் இருந்தால் என்ன.

மூன்றாவது வழி, மெக்கானிக் கடையிலிருந்து வருவது. டாஷ்போர்டின் கீழே பழுது பார்ப்பதற்கென்று ஒரு சாக்கெட் இருக்கும். கண்ணாடியை உடைத்து உள்ளே நுழைந்து, அதில் கருவியைச் செருகி, புத்தம் புதிய சாவி ஒன்றைக் காருக்குப் பழக்கப்படுத்திவிடுகிறார்கள். 2025 ஜூனில் டெல்லி சஃப்தர்ஜங் என்கிளேவில் ஒரு ஹூண்டாய் க்ரெட்டா நிமிடக் கணக்கில் போன கேமராக் காட்சியைப் பார்த்தவர்களுக்குக் கண்ணாடி உடைவதும், முகமூடி போட்டவர்கள் நிதானமாக வந்து ஓட்டிப்போவதும் நினைவிருக்கும்.

இங்கே நிறுவனங்களின் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சாவி பதிவுசெய்யும் வசதியை முழுக்கப் பூட்டிவிட்டால், சாவியைத் தொலைத்த நேர்மையான ஆள் ஷோரூமில் சொல்லும் விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். தெருமுனைப் பூட்டுக் கடைக்காரர் பிழைப்பு போகும். பழுது பார்க்கும் உரிமைக்கும் பாதுகாப்புக்கும் நடுவே உண்மையிலேயே ஓர் இழுபறி உண்டு. ஆனால் ஹெட்லைட் வயரில் வரும் எந்தச் செய்தியையும் கேள்வி கேட்காமல் கார் ஏற்றுக்கொள்வதற்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

நிறுவனங்கள் எப்போது திருந்தும் என்பதற்கு வரலாறு தெளிவாகவே பதில் சொல்கிறது: சட்டம் வந்தால். சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத இம்மொபிலைசரை, 1998 அக்டோபர் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயமாக்கியது. நெதர்லாந்தின் கணக்குகளை அலசிய பொருளாதார ஆய்வாளர்கள், அதனால் கார் திருட்டு சராசரியாக 40 சதவீதம் குறைந்தது என்று கண்டார்கள். சட்டத்தால் கிடைத்த பலன் இது.

அமெரிக்கா அப்படிச் சட்டம் போடவில்லை. 2015 மாடல்களில் மற்ற நிறுவனங்கள் 96 சதவீத வண்டிகளில் இம்மொபிலைசர் வைத்திருந்தபோது, ஹூண்டாய், கியா இரண்டும் 26 சதவீதத்தில்தான் வைத்தன. மில்வாக்கி நகரத்துப் பையன்கள் ஸ்டீயரிங் தண்டின் மூடியைப் பெயர்த்து, யூஎஸ்பி வயரின் முனையைச் செருகித் திருகி, வண்டியைக் கிளப்பக் கற்றுக்கொண்டார்கள். டிக்டாக் அதை நாடெங்கும் சொல்லிக்கொடுத்தது. 2023 பிப்ரவரியில் 83 லட்சம் வண்டிகளுக்கு மென்பொருள் திருத்தம் அறிவிக்கப்பட்டபோது, அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு இந்த விளையாட்டோடு எட்டுச் சாவுகளைத் தொடர்புபடுத்தியிருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், கனடாவில் விற்ற அதே நிறுவனங்களின் கார்களில் இம்மொபிலைசர் இருந்தது. காரணம் நிறுவனத்தின் நல்ல மனசு இல்லை. 2007 முதல் கனடாவில் அது சட்டம்.

ஆனால் அந்தக் கனடாவும் 2007-இல் போட்ட சட்டத்தோடு உறங்கிவிட்டது. அந்த விதிமுறை எழுதப்பட்டபோது கீலெஸ் கார்கள் பணக்காரர்களின் அபூர்வப் பொம்மை. பிறகு அவை எல்லார் வாசலுக்கும் வந்துவிட்டன, விதிமுறை நகரவில்லை. அதன் விலையை மான்ட்ரியல் துறைமுகத்தில் பார்க்கலாம். 2023 டிசம்பர் மத்தியிலிருந்து 2024 மார்ச் முடிய, போலீசும் எல்லைப் பணியாளர்களும் சேர்ந்து 390 கன்டெய்னர்களைத் திறந்து பார்த்ததில் 598 திருட்டுக் கார்கள் கிடைத்தன. அவற்றில் 483 ஒன்டாரியோவிலிருந்து வந்தவை. டொரன்டோக்காரர் ஒருவர் தன் காரில் ஒளித்துவைத்திருந்த, இருப்பிடம் காட்டும் ஏர்டேக், கார் மான்ட்ரியல் துறைமுகம் போய், ஆன்ட்வெர்ப் வழியாக ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போய்ச் சேர்ந்ததை வீட்டிலிருந்தே காட்டியது. உள்ளே வரும் சரக்கைத் துருவித் துருவிப் பார்க்கும் சுங்கத்துறைகள், வெளியே போகும் சரக்கைப் பெரும்பாலும் காகிதத்தில் எழுதியிருப்பதை நம்பி அனுப்பிவிடுகின்றன. மரச்சாமான் என்று எழுதினால் மரச்சாமான்தான்.

கன்டெய்னர்களைத் திறக்கத் தொடங்கியதும் பலன் தெரிந்தது. 2024-இல் கனடாவில் திருடுபோன கார்கள் 57,000 சொச்சம்; முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 19 சதவீதம் குறைவு. போலீஸ் நினைத்தால் முடியும் என்பதற்கு இது சான்று. ஆனாலும் அது பின்வாசலில் நின்று பிடிப்பது. முன்வாசல் திறந்தே கிடக்கிறது. 2023-இல் மட்டும் கனடிய இன்சூரன்ஸ் நிறுவனங்கள் கார் திருட்டுக்காக 150 கோடி கனடிய டாலர் கொடுத்தன. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று ஒன்டாரியோவில் பிரீமியம் கட்டுபவர்களைக் கேட்டால் தெரியும். திருடுபோன வீட்டுக்காரர் இன்னொரு கார் வாங்குவார், சில நேரம் அதே நிறுவனத்தில். ஓட்டையோடு விற்றவருக்கு இரண்டாவது விற்பனை.

சட்டத்துக்குப் பல் இருந்தால் என்ன நடக்கும் என்பதை ஐரோப்பா சமீபத்தில் மறுபடி காட்டியது. வாகனங்களின் கணினிப் பாதுகாப்புக்கான ஐ.நா. விதிமுறை 155, 2024 ஜூலை முதல் அங்கு விற்கும் எல்லாப் புதுக் கார்களுக்கும் பொருந்தும் என்றானது. போர்ஷே தன் பெட்ரோல் மக்கான் காரை அதற்கேற்ப மாற்றுவதைவிட, ஐரோப்பிய ஒன்றியத்தில் அதன் விற்பனையை நிறுத்துவதே மேல் என்று முடிவெடுத்தது. நன்றாக விற்றுக்கொண்டிருந்த கார் அது.

இந்தியாவில் பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்வது இப்போது நடுத்தர விலைக் கார்களின் விளம்பரத்திலேயே வந்துவிட்டது. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப், மோதலில் கார் எப்படித் தாங்குகிறது என்று நட்சத்திரம் கொடுக்கிறது. வாங்குபவர்களும் ஷோரூமில் நட்சத்திரத்தைக் கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். திருட்டைத் தாங்குமா என்பதற்கு அதில் மதிப்பெண் இல்லை. பிரிட்டனில் தேட்சம் என்ற அமைப்பு 2019-லேயே கீலெஸ் பாதுகாப்புக்கு மதிப்பெண் போட்டு, முதல் சுற்றில் எடுத்த பதினொரு மாடல்களில் ஆறுக்கு ‘மோசம்’ என்று முத்திரை குத்தியது. இங்கேயும் அப்படியொரு சோதனையைத் தொடங்க எந்தப் புதுக் கண்டுபிடிப்பும் வேண்டியதில்லை. இரண்டு ஆன்டெனாக்கள் போதும்.

இந்தியாவில் கார் போனவர் படும் பாடு தனி. தமிழ்நாட்டில் என்றால், காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீதைக் கையில் கொடுத்து, ‘தேடிப் பார்ப்போம், இரண்டு நாள் கழித்து வாங்க’ என்று அனுப்பப் பார்ப்பார்கள். இன்சூரன்ஸுக்கு அந்தக் காகிதம் உதவாது; எஃப்.ஐ.ஆர். வேண்டும். எந்தக் காவல் நிலைய எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிய வேண்டும் என்பதும், மின்னணு வழியில் அனுப்பி மூன்று நாளுக்குள் கையெழுத்திடலாம் என்பதும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவில் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். தாமதமில்லாமல் பதிவாகியிருந்தால், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் சொல்வதில் ஏற்பட்ட தாமதத்தை மட்டும் காட்டிப் பணத்தை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. அதற்காக ஆற அமரச் சொல்லலாம் என்று அர்த்தமில்லை. அன்றே சொல்லிவிடுவது வீண் வழக்கைத் தவிர்க்கும். ஃபாஸ்டேகை உடனே முடக்கத் துடிப்பவர்கள் ஒரு நிமிடம் யோசிக்கலாம்: அதைக் கழற்றி எறிய மறந்த திருடன், எந்தச் சுங்கச்சாவடியைத் தாண்டினான் என்பதை உங்கள் செல்போனுக்கே குறுஞ்செய்தியாக அனுப்பிவைப்பான்.

பிறகு மாதக்கணக்கில் காத்திருப்பு. கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் சான்றிதழ் வரும்வரை இன்சூரன்ஸ் கோப்பு நகராது. கடன் தவணை மட்டும் மாதாமாதம் தவறாமல் நகரும். கடைசியில் கிடைப்பது வாங்கிய விலையும் அல்ல, பாலிசியில் எழுதிய தேய்மானம் கழித்த மதிப்பு. இரண்டு முதல் மூன்று வயதுக் காருக்கு 30 சதவீதத் தேய்மானம். அதிலும் முதல் பங்கு கடன் கொடுத்த வங்கிக்கு.

இந்த வரிசையில்தான் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பழைய கேள்வி ஒன்று வருகிறது: இரண்டு அசல் சாவியும் எங்கே? ஒன்று குறைந்தாலும் உரிமையாளரின் அஜாக்கிரதை என்ற சந்தேகம் எழும். சாவியைத் திருகி ஓட்டிய காலத்தில் அந்தக் கேள்விக்குப் பொருள் இருந்தது. சாவியை வண்டியிலேயே விட்டுப்போன வழக்கில்கூட, 2023-இல் உச்ச நீதிமன்றம் 75 சதவீதத் தொகையைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. கீலெஸ் திருட்டிலோ இரண்டு சாவியும் வீட்டில் பத்திரமாக இருக்கும். அதோடு காரும் போயிருக்கும். திருடன் மூன்றாவது சாவியைத் தானே தயாரித்துக்கொள்ளும்போது, முதல் இரண்டைக் கணக்குப் பார்த்து யாருக்கு என்ன பயன்?

கேட்க வேண்டிய சான்று வேறு இடத்தில் இருக்கிறது. இணைய வசதியுள்ள கார் எந்த நேரத்தில் கதவு திறந்தது, எந்தப் பகுதியோடு தொடர்பு அறுந்தது என்பதையெல்லாம் நிறுவனத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. டேபருக்கு அந்தப் பதிவைப் படிக்கத் தெரிந்திருந்ததால் உண்மை வெளிவந்தது. சாதாரண உரிமையாளருக்கு அது கண்ணிலேயே படாது. திருட்டுப் புகார் பதிவான நாளிலேயே அந்தப் பதிவை நிறுவனம் போலீசுக்கும், உரிமையாளருக்கும், இன்சூரன்ஸுக்கும் இலவசமாகத் தர வேண்டும் என்று சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமும் சேர்ந்து உத்தரவிட்டால், இரண்டு சாவி கேட்கும் சடங்கு தானாக அர்த்தமிழக்கும். எந்த மாடல் எத்தனை முறை, எந்த வழியில் ஏமாந்தது என்ற கணக்கும் அரசின் கையில் சேரும்.

அதுவரை, டொயோட்டாவின் ஸ்மார்ட் சாவி வைத்திருப்பவர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். பல மாடல்களில், பூட்டும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி திறக்கும் பொத்தானை இரண்டு முறை தட்டினால், சாவியின் சின்ன விளக்கு நான்கு முறை கண்சிமிட்டி அணையும். அதன்பின் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தும்வரை சாவி யாருக்கும் பதில் சொல்லாது. கையேட்டில் இது பேட்டரியைச் சேமிக்கும் வழி என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது.